டிஸ்க்கின் வேகத்தை ஒற்றை எண்ணில் அடக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வரும் எஸ்எஸ்டி (சிப்புகளில் தகவலைச் சேமிப்பது), ஹார்ட் டிஸ்க் (சுற்றும் தட்டில் சேமிப்பது) அறிமுகங்களை விடாமல் படிக்கிறவன் நான். ஒவ்வொன்றிலும் "நொடிக்கு 7,000 மெகாபைட்" என்பது மாதிரி ஒரே ஒரு எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் பெட்டியில் அச்சடித்துக் கொடுத்ததை அப்படியே எடுத்துப் போட்டு, பழையதைவிட இத்தனை மடங்கு வேகம் என்று முடித்துவிடுகிறீர்கள். அதை நம்பி வாங்குகிறவர்கள், மாட்டிய பிறகும் கணினி முன்பு போலவேதான் இருக்கிறது என்று எங்களைப் போன்ற பராமரிப்பு ஆட்களிடம் வந்து நிற்கிறார்கள். அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நம் அன்றாட வேலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மிக மிகக் குறைவு, அதைத்தான் யாராவது வாசகர்களிடம் சொல்ல வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டாமல் போட முடிந்தால் நல்லது.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகிறது. நாம் கேட்ட தகவல் தட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அது தகவலைப் படிக்கும் முனையான ரீட் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஹெட் சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும், அதற்கு எட்டு, ஒன்பது மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் சுமார் 13 மில்லிநொடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலைக் கேட்டால் இந்த டிஸ்க்கால் நொடிக்கு 75, 80 முறைதான் எடுத்துக் கொடுக்க முடியும். ஒரு முறைக்கு 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 300 கிலோபைட் சொச்சம். மெகாபைட் இல்லை, கிலோபைட். அதே டிஸ்க்கில் ஒரு பெரிய வீடியோவை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150, 200 மெகாபைட் தாராளமாக வரும். டிஸ்க் அதேதான், கேபிள் அதேதான், கேட்கிற விதம் மாறினாலே வேகம் 500 மடங்கு மாறிவிடுகிறது. பெட்டியில் ஏறுவது இதில் பெரிய எண் மட்டும்.

1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியில்தான் முதல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. 24 அங்குலத் தட்டுகள் 50 அடுக்கப்பட்ட அந்த இயந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகள் பிடிக்கும், ஒரு தகவலை எடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி ஆகும். அதிலிருந்து இன்றைக்குக் கொள்ளளவு பல லட்சம் மடங்கு கூடியிருக்கிறது, ஆனால் காத்திருக்கும் நேரம் 50 மடங்குகூடக் குறையவில்லை. தட்டும் அதன் மேல் நகரும் கையும் இருக்கிற வரைக்கும் அது பெரிதாகக் குறையவும் வழியில்லை.

சரி, கணினி அன்றாடம் டிஸ்க்கிடம் கேட்பது எது? ஆன் செய்யும்போதும், பிரவுசரைத் திறக்கும்போதும், மெயிலில் எதையாவது தேடும்போதும் அது படிப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத்தான். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மிகச் சாதாரணமான ஒரு எஸ்எஸ்டியைப் போட்டாலும் பழைய கணினி உயிர் வந்த மாதிரி எழுந்து நிற்கிறது. 13 மில்லிநொடி எடுத்த வேலை 0.1 மில்லிநொடியில் முடிகிறது, அது எல்லாருக்கும் கண்ணிலேயே தெரியும். ஆனால் அந்தச் சாதாரண எஸ்எஸ்டியை எடுத்துவிட்டு, பெட்டியில் பத்து மடங்குக்கு மேல் போட்டிருக்கும் என்விஎம்இ (எஸ்எஸ்டிக்கென்றே வந்த வேகமான இணைப்பு முறை) எஸ்எஸ்டியை மாட்டினால் பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. காரணம் இதுதான். ஒரு கோரிக்கைக்கு 0.1 மில்லிநொடி என்றால் நொடிக்கு 10,000 கோரிக்கை, 4 கிலோபைட் வீதம் 40 மெகாபைட். நல்ல என்விஎம்இ அதை 0.05 மில்லிநொடியில் முடித்துக் கொடுத்தால் 80 மெகாபைட். 7,000 எங்கே, 80 எங்கே!

அந்த 7,000 எப்படி வருகிறது என்றால், சோதனை மென்பொருள் பெரிய துண்டுகளாக, ஒன்று முடிவதற்குள் அடுத்தடுத்துப் பல கோரிக்கைகளை டிஸ்க்கின் முன் குவித்துவைத்துக் கேட்கிறது. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி வேலை செய்து மொத்தமாகக் கொட்டுகின்றன. கணினி டிஸ்க்கிடம் கேட்கும் பழைய ஏஎச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகளுக்குத்தான் இடம். 2011-இல் வெளியான என்விஎம்இ முறையில் சுமார் 65,000 வரிசைகள் வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வரிசையிலும் அதே அளவு கட்டளைகள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தட்டும் டேட்டாபேஸ் சர்வருக்கு இது பெரிய வரம்தான், மறுக்கவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினியில் வரிசையில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் நிற்கும், ஏனென்றால் முதல் துண்டைப் படித்தால்தான் அடுத்து எதைக் கேட்பது என்றே பல புரோகிராம்களுக்குத் தெரியும்.

இலவசமாகக் கிடைக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளைத் திறந்து பாருங்கள், நான்கு வரிகள் இருக்கும். எல்லாரும் முதல் வரியைப் படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசி வரி: 4 கிலோபைட், சிதறிய வாசிப்பு, வரிசையில் ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் நிருபர்களிடம் இந்த ஒரு வரியை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிப் போடச் சொன்னால்கூட வாசகர்களுக்குப் பாதி உதவி செய்த மாதிரி.

அப்புறம், அளக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தப்பாக அளந்த எண் அளக்காததைவிட மோசம். லினக்ஸில் 'டிடி' கட்டளையை வைத்து வெறும் பூஜ்யங்களாக ஒரு ஜிபி கோப்பை எழுதிவிட்டு நொடிக்கு 2 ஜிபி வருகிறதே என்று சொல்வார்கள். அந்தக் கோப்பு அப்போது டிஸ்க்குக்குப் போயே இருக்காது, கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் உட்கார்ந்திருக்கும். இயங்குதளம் அதைக் கேச்சில், அதாவது ரேமில் ஒதுக்கிய இடத்தில், வாங்கிவைத்துக்கொண்டு, எழுதியாகிவிட்டது என்று பதில் சொல்லிவிட்டு, பின்னால் மெதுவாக டிஸ்க்குக்கு அனுப்பும். படிப்பதிலும் இதே கதைதான், இரண்டாவது தடவை படிக்கும்போது எந்த டிஸ்க்கும் மின்னல் வேகத்தில் இருக்கும். 'எச்டிபார்ம்' என்ற கருவியில் சின்ன டி போட்டால் டிஸ்க்கின் வேகம், பெரிய டி போட்டால் கேச்சின் வேகம். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டதால் வந்த தவறான முடிவுகள் கொஞ்சநஞ்சம் இல்லை. கேச்சைத் தாண்டி நேரடியாகப் படிக்கச் சொல்லி அளக்க வேண்டும், அந்த வசதி இல்லாத கருவி என்றால் ரேமைவிடப் பெரிய கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய 'ஃபியோ' இதற்கெல்லாம் சரியான கருவி. துண்டின் அளவு, வரிசையின் நீளம், வாசிப்பும் எழுத்தும் எந்த விகிதம், எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எல்லாவற்றையும் நாமே சொல்லலாம்.

பூஜ்யங்களை வைத்து அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகவலைச் சுருக்கி எழுதும் கன்ட்ரோலர்கள் (உள்ளே வேலையை நடத்தும் சிப்புகள்) எஸ்எஸ்டியில் இருந்திருக்கின்றன, சாண்ட்ஃபோர்ஸ் அதற்குப் பேர்போனது. வெறும் பூஜ்யங்களைக் கொடுத்தால் அது ஒன்றுமில்லாததாகச் சுருங்கிவிடும், எண் எகிறும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட புகைப்படத்தையோ வீடியோவையோ எழுதும்போது அந்த வேகம் வராது. எதையும் சுருக்க முடியாத, கலந்தடித்த தகவலை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சோதனையை எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம் என்பது இதைவிட முக்கியம். இன்றைய எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லில் (தகவலைத் தேக்கும் மிகச் சிறிய அறை) மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. நான்கு பிட்டை நுணுக்கமாக எழுதுவது மெதுவான வேலை, அதனால் எஸ்எஸ்டி காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் வீதம் வேகமாக எழுதிவைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளுக்குள்ளேயே சுருட்டி அடுக்கிக்கொள்கிறது. ஒரு ஜிபி கோப்பை வைத்து அளந்தால் நாம் பார்ப்பது இந்தத் தற்காலிக இடத்தின் வேகத்தை மட்டுமே. அது நிரம்பிவிட்டால் சில க்யூஎல்சி எஸ்எஸ்டிகள் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு இறங்கிவிடுகின்றன, சில நேரம் ஹார்ட் டிஸ்க்கைவிடவும் கீழே. டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் அந்தத் தற்காலிக இடமும் சிறுத்துப்போகும். புத்தம்புது காலி டிஸ்க்கைப் பிரித்து அரை நிமிடம் ஓட்டி எழுதிய விமர்சனத்தை நம்பி ஒரு வாசகர் தன் முழு வீடியோ சேகரிப்பையும் அதில் கொட்டப் போகிறார் என்பதை எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலும் இப்படி ஒன்று உண்டு: தட்டின் வெளி ஓரத்துத் தடங்களில் ஒரு சுற்றுக்கு அதிகத் தகவல் பிடிக்கும், உள்ளே போகப்போக வேகம் குறைந்து கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிடும். காலி டிஸ்க்கில் முதலில் எழுதப்படுவது வெளி ஓரத்தில்தான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இந்தச் 'சராசரி'. ஆயிரம் கோரிக்கையில் 990 கோரிக்கை 0.1 மில்லிநொடியில் முடிகிறது, மீதிப் பத்தும் ஒவ்வொன்றும் அரை நொடி எடுக்கிறது என்று வையுங்கள். சராசரி 5.1 மில்லிநொடி, ஹார்ட் டிஸ்க்கின் 13-ஐவிட நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மொத்தம் ஐந்து நொடி மவுஸ் நகராமல் நின்றிருக்கிறது! கணினி 'ஹேங்' ஆகிறது என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பத்தைத்தான். ஃபியோ கொடுக்கும் அறிக்கையில் 99 சதவீதம், 99.9 சதவீதம் என்று தனியாக வரிசை இருக்கும், நூற்றுக்கு 99 கோரிக்கை எத்தனை நேரத்துக்குள் முடிந்தது என்று அது காட்டும். அதைப் பார்க்காமல் ஒரு டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று யாரும் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

நான் பராமரிக்கும் ஒரு அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் அவ்வப்போது உறைந்துபோய் நின்றது. புது எஸ்எஸ்டி வாங்கச் சொல்லி ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார்கள். வேகச் சோதனையில் முதல் வரி குறையில்லாமல் இருந்தது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்துவைத்துக் கவனித்தால், சராசரி பதில் நேரம் என்ற இடத்தில் ஒன்று, ஒன்று, இரண்டு என்று ஓடிக்கொண்டிருந்த மில்லிநொடி கணக்கு திடீரென ஆயிரங்களுக்குத் தாவியது, அந்த நேரம் டிஸ்க் 100 சதவீதம் பிஸி என்று காட்டியது, ஆனால் படிப்பதும் எழுதுவதும் பூஜ்யம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில் 199-ஆம் வரி, அதாவது கேபிள் வழியே வரும்போது தகவல் கெட்டுப்போன எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருந்தது. 5, 197, 198 ஆகிய வரிகள் ஏறினால் டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கிறது, உடனே பேக்கப் எடுங்கள் என்று அர்த்தம், அவை மூன்றும் பூஜ்யத்தில் இருந்தன. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், அந்த எண் அதோடு நின்றுவிட்டது, உறைவதும் நின்றுவிட்டது. புது எஸ்எஸ்டி வாங்கி அதே கேபிளில் மாட்டியிருந்தால் பணம்தான் போயிருக்கும்.

அதனால் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று கட்டுரை போடும்போது, மந்தத்துக்கு டிஸ்க்தான் காரணமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரேம் பற்றாமல் போனால் இயங்குதளம் டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பித்துவிடும், அப்போது டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், எல்லாரும் டிஸ்க்கைத் திட்டுவார்கள். அங்கே கூட்ட வேண்டியது ரேமை. வெளியே மாட்டும் டிஸ்க் மெதுவாக இருந்தால் எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், யுஎஸ்பி 2.0 துளையில் எதைச் செருகினாலும் 30, 40 மெகாபைட்டைத் தாண்டாது. தட்டு சுற்றும் டிஸ்க்குக்கு டிஃப்ராக், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது, செய்வது இன்றைக்கும் பலன் தரும். எஸ்எஸ்டியில் ஹெட் நகரும் வேலையே இல்லாததால் அது தேவையில்லை, வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம்.

எஸ்எஸ்டிக்கு வேண்டியது டிரிம். ஃபிளாஷில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது, அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், அழிப்பதோ பெரிய தொகுதியாகத்தான் முடியும். நாம் ஒரு கோப்பை டெலீட் செய்தால் இயங்குதளம் தன் பட்டியலில் மட்டும் அதை அடித்துவிடுகிறது, எஸ்எஸ்டிக்கு அது தெரியாமல் அந்தக் குப்பையையும் பத்திரமாகச் சுமந்து இடம் மாற்றிக்கொண்டிருக்கும். இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லும் கட்டளைதான் டிரிம், 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸில் உண்டு, லினக்ஸில் 'எஃப்எஸ்டிரிம்'. பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும், ஆனால் டிஸ்க்கை வெளியே மாட்டப் பயன்படும் சில யுஎஸ்பி உறைகள் இந்தக் கட்டளையை உள்ளே அனுப்புவதே இல்லை, அதையும் சோதித்துக்கொள்ளலாம். பத்து, பதினைந்து சதவீதம் இடத்தைக் காலியாக விட்டுவைப்பதும் நல்லது. அதிர்வும் ஒரு விஷயம்: 2008 இறுதியில் சன் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க்குகள் அடுக்கியிருந்த பெட்டிக்கு எதிரே நின்று உரக்கக் கத்தி, அந்த நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் துள்ளி ஏறுவதைத் திரையில் காட்டினார். ஹார்ட் டிஸ்க்குகளைத் தளர்வாக, திருகு போடாமல் வைத்துவிட்டு வேகம் எங்கே என்று தேடக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேகத்தைக் கூட்டும் வழி என்று இணையத்தில் சுற்றும் குறிப்புகளில், விண்டோஸில் ரைட் கேச் ஃபிளஷிங்கை அணைத்துவிடுங்கள் என்பதும் ஒன்று. அணைத்தால் சோதனை எண் கூடத்தான் செய்யும். கேச்சில் இருப்பதை இப்போதே உறுதியாக எழுதிமுடி என்று புரோகிராம் கேட்கும் கேள்வியைக் காதில் வாங்காமல் விட்டால் வேகம் கூடாமல் என்ன செய்யும்? நடுவில் மின்சாரம் போனால் எழுதியதாக நினைத்த கணக்கு இருக்காது, சில நேரம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன் பகுதியே கெட்டுப்போகும். தயவுசெய்து இந்த மாதிரிக் குறிப்புகளை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள்.

தயாரிப்பாளர்கள் சொல்லாமல் விடுவதையும் பத்திரிகைகள்தான் கேட்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் எஸ்எம்ஆர் என்று ஒரு முறை இருக்கிறது, கூரையில் ஓடு வேய்வது போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி எழுதுவார்கள். அதிகம் கொள்ளும், படிப்பதில் குறையில்லை, ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத அதன் மேல் ஏறிக்கிடக்கும் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும், சிதறி எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் (நெட்வொர்க்கில் பலர் பகிரும் சேமிப்பு) பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் இந்த முறையில் செய்யப்பட்டவை என்று ஒப்புக்கொண்டது. அதுவரை விவரப் பட்டியலில் அது சொல்லப்படவில்லை. பயனர்கள் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த தங்கள் ரெய்டு அமைப்பு ஏன் இப்படித் தவிக்கிறது என்று தாங்களே அளந்து, ஒப்பிட்டு, விடாமல் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. எஸ்எஸ்டியிலும் அதே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே சிப்பையும் கன்ட்ரோலரையும் மாற்றிவிடுவது நடக்கிறது, முதலில் வந்த விமர்சனம் ஒரு பொருளைப் பற்றியது, கைக்கு வருவது வேறு.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு டிஸ்க்கைப் பற்றி எழுதும்போது அந்தக் கொட்டை எழுத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே 4 கிலோபைட் ஒற்றைக் கோரிக்கை வேகத்தைப் போடுங்கள், 99 சதவீதத் தாமதத்தைப் போடுங்கள், முக்கால்வாசி நிரப்பி வைத்து நிறுத்தாமல் எழுதினால் வேகம் எங்கே போய் நிற்கிறது என்று போடுங்கள், எந்தக் கருவியில் எப்படி அளந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எஸ்எம்ஆரா, க்யூஎல்சியா, உள்ளே இருக்கும் பாகங்கள் பின்னால் மாறுமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அப்படியே வெளியிடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகன்